அளவு ஜாக்கெட்

ஜூன் 4, புதன்

காலையில் எழுந்ததும் முதல் வேலையாக வடிவின் வாட்ஸப் ஸ்டேட்டஸைப் பார்த்தேன். பல்கூடத் தேய்க்கவில்லை. மாடியில் குடியிருக்கிறவள். முற்றத்தில் நின்று அண்ணாந்தால் ஆளையே பார்க்கலாம். இருந்தாலும் போனில் பார்த்தேன். பச்சை ஜாக்கெட்டும் சந்தன நிறச் சேலையுமாகக் கண்ணாடி முன்னால் நின்று தானே எடுத்த படம். ஒரு கையை இடுப்பில் வைத்திருக்கிறாள். இடுப்பு இருக்கிறது, வைத்திருக்கிறாள்.

வடிவு என் சித்தி மகள். முழுப்பெயர் சங்கரவடிவு. என்னைவிட நாலு மாதம் இளையவள். கட்டிக்கொடுத்த இடத்தில் ஒரு வருடம் இருந்துவிட்டுத் திரும்பி வந்தவள். எனக்கு அந்த ஒரு வருடமும் இல்லை. போன தீபாவளி வரை இந்தத் தெரு எங்கள் இருவரையும் சேர்த்துத்தான் குண்டு என்றது. ஆட்டோவில் ஏறினால் ஓட்டுகிற மாமா, "ஆளுக்கொரு பக்கமா உக்காருங்கட்டி, வண்டி சாஞ்சிரும்" என்பார். ஆளுக்கொரு பக்கமாக உட்காருவோம். தீபாவளி முடிந்ததும் அவள் மட்டும் ஜிம்மில் சேர்ந்தாள். இப்போது ஆட்டோ என் பக்கம் மட்டும் சாய்கிறது.

ஸ்டேட்டஸுக்கு ஒரு இதயம் போட்டுவிட்டுப் பல் தேய்க்கப் போனேன்.

பள்ளிக்கூடத்தில் ஏழாம் வகுப்புக்கு முதல் பாடம். மேஜைமேல் பூகோள உருண்டையை வைத்துவிட்டு, இது என்ன என்று கேட்டேன். "உலகம் டீச்சர். உருண்டையா இருக்கு டீச்சர்." கடைசி பெஞ்சில் சிரிப்பு. என் பெயர் உலகநாயகி என்பது அதற்குள் அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. வருடா வருடம் ஜூன் மாதம் இந்தச் சிரிப்பு வரும். இந்த வருடம் கொஞ்சம் சீக்கிரம் வந்துவிட்டது.

அம்மாவுக்கு பிரஷர் மாத்திரை வாங்க மறந்துபோனேன்.

ஜூன் 8, ஞாயிறு

தென்காசிக்காரர் போன் செய்தார்.

பொங்கல் லீவில் வடிவும் நானும் ஒரே நாளில், ஒரே கட்டிலில் கிடந்து, ஒரு திருமணத் தளத்தில் பெயரைப் பதிந்தோம். நாற்பதைத் தாண்டியவர்களுக்கென்றே இருக்கிற தளம். முதலில் விளையாட்டுக்குத்தான். அவளுக்கு வரிசையாக வந்தார்கள். அதில் தூத்துக்குடி துறைமுகத்தில் வேலை பார்க்கும் சிதம்பரநாதன் என்பவர் நிலைத்துவிட்டார். எனக்கு வந்தது இவர் ஒருவர்தான். நயினார். தென்காசியில் குற்றாலம் போகிற ரோட்டில் மருந்துக்கடை வைத்திருக்கிறார். இரண்டு தங்கைகளைக் கட்டிக்கொடுத்து முடித்தபோது தனக்கு வயது நாற்பத்தைந்து ஆகிவிட்டதாம். மூன்று மாதமாக போனில் பேசுகிறோம். நேரில் பார்த்ததில்லை. நான்தான் தள்ளிப்போடுகிறேன். பத்து கிலோ குறைந்த பிறகு பார்க்கலாம் என்று இருக்கிறேன். இதை அவரிடம் சொல்லவில்லை. அம்மாவுக்கு முடியவில்லை, பரீட்சைப் பேப்பர் என்று சொல்லியிருக்கிறேன்.

"டீச்சர், சாரல் விழ ஆரம்பிச்சிட்டு. கடையில உக்காந்துருக்கேன், மூஞ்சில தூவுது. ஒரு நிமிசம்... காய்ச்சலுக்கா? எத்தன நாளா? பிள்ளைக்கா பெரியாளுக்கா? ஆங், சொல்லுங்க டீச்சர்."

அவரோடு பேசுவது இப்படித்தான். பாதி எனக்கு, பாதி காய்ச்சல்காரர்களுக்கு.

"நீங்க அனுப்புன போட்டோவுல தலை மட்டும்தான் இருக்கு. ஒடம்பு தனியா தபால்ல வருதா?"

சிரித்துவிட்டேன். அது ஆசிரியர் தினத்தன்று எடுத்த படம். நான் இரண்டாவது வரிசையில், தலைமையாசிரியைக்குப் பின்னால். மற்றவர்களை வெட்டிவிட்டு அனுப்பினேன்.

ஜூன் 14, சனி

வடிவுக்கு நாள் குறித்துவிட்டார்கள். ஆடி பிறப்பதற்குள் நிச்சயம். ஜூலை பதின்மூன்று, ஞாயிறு. கல்யாணம் ஆவணியில்.

சித்தி மாடிப்படியில் பத்துத் தடவை இறங்கி ஏறினாள், முட்டிவலி போன இடம் தெரியவில்லை. அம்மா என்னைப் பார்க்காமல் புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். அவள் என்னைப் பார்க்காமல் இருக்கும்போதுதான் என்னையே நினைத்துக்கொண்டிருக்கிறாள் என்று அர்த்தம்.

வடிவு வந்து என் கட்டிலில் விழுந்தாள். கட்டில் சத்தம் போடவில்லை. நான் உட்கார்ந்தால் போடும்.

"ஏட்டி உலகு, பயமா இருக்குட்டி."

"ஒனக்கென்ன பயம்? ராணி கணக்கால்லா இருக்க."

"நெசமாவா?"

"நெசமாத்தான்."

நான் சொல்கிற எல்லாவற்றையும் இவள் நம்பிவிடுகிறாள்.

ஜூன் 17, செவ்வாய்

வாக்கிங் போனேன். மைதானத்தை இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு, வாசலில் பருத்திப்பால் குடித்தேன்.

ஜூன் 21, சனி

இன்று மாப்பிள்ளையின் அக்கா செண்பகம் மயினி வந்தார். திருநெல்வேலியில் நிச்சயப் பட்டு எடுத்துவிட்டு, அப்படியே வடிவின் அளவு ஜாக்கெட்டை வாங்கிப் போக வந்திருக்கிறார். எங்கள் பக்கத்து வழக்கம் அது. தட்டு மாற்றியதும் மாப்பிள்ளை வீட்டார் கொண்டுவந்த பட்டைப் பெண் உள்ளே போய்க் கட்டிக்கொண்டு வந்து மனையில் உட்கார வேண்டும். சேலைக்கு ஜாக்கெட்டும் அவர்களே தைத்துக் கொண்டுவருவார்கள். அதைத் தைக்கப் பெண்ணுக்குச் சரியாக இருக்கிற ஜாக்கெட் ஒன்று முன்கூட்டியே போய்விட வேண்டும். போட்டுப் பார்த்துத் திருத்த நேரம் கிடையாது. சபை காத்திருக்கும்.

வடிவும் சித்தியும் கண் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார்கள். வடிவு போனில் சொன்னாள்: "பீரோ மேல்தட்டுல பச்சை ஜாக்கெட்டு இருக்கும்ட்டி. சித்திரையில தச்சது. அதக் குடுத்துரு. கீழ்த்தட்டுல பையில அரக்கு ஒண்ணு கெடக்கும், அது நான் எருமை மாதிரி இருந்தப்பம் போட்டது. அத எடுத்துராத."

எருமை மாதிரி இருந்தபோது. அந்த அரக்கு ஜாக்கெட்டும் என்னுடையதும் ஒரே துணியில் ஒரே நாளில் தைத்தவை. பக்கத்து வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குப் போட்டுக்கொண்டு இருவரும் சேர்ந்து நின்றோம். என்னுடையதை நேற்றுகூடப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன்.

செண்பகம் மயினியை உட்காரவைத்து, மின்விசிறியை வேகமாகச் சுழலவிட்டு, காபி கொடுத்தேன். நல்ல மனுஷி. "நீங்கதான் அக்காவா? வடிவு ஒங்களப் பத்தித்தான் பேசிக்கிட்டே இருக்கா" என்றார். பிறகு என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ரெண்டு பேரும் ஒரே மாதிரி இருப்பீங்களாமே, அவ சொன்னா" என்றார். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. அது எனக்குத் தெரியும்.

மாடிக்குப் போய் ஜாக்கெட்டை எடுத்துப் பையில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தேன். அவர் விரித்துப் பார்க்கவில்லை, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

அவர் போன பிறகுதான் யோசித்தேன், எடுத்தது பச்சையா அரக்கா என்று. மாடியில் இருட்டாக இருந்தது. கரண்ட் போய்விட்டது. இருட்டில் எல்லாம் ஒரே நிறம்.

ஜூன் 22, ஞாயிறு

தூக்கம் வரவில்லை. புழுக்கம்.

ஜூன் 26, வியாழன்

கேஸ் சிலிண்டர் வந்தது. ஒன்பதாம் வகுப்புப் பேப்பர் திருத்தி முடித்தேன். பருவக்காற்று எந்தத் திசையிலிருந்து வீசுகிறது என்ற கேள்விக்கு ஒருத்தி "ஜன்னலிலிருந்து" என்று எழுதியிருக்கிறாள். அரை மதிப்பெண் போட்டேன்.

வடிவு இப்போதெல்லாம் ஜிம்முக்குப் போகிற சத்தம் கேட்பதில்லை. காலையில் மாடிப்படியில் அவள் ஷூ சத்தம்தான் எனக்கு அலாரம். கேட்டதற்கு, "ஆபீஸ்ல வேலைட்டி" என்றாள். இனி எதற்கு ஜிம்? வேண்டியது கிடைத்துவிட்டது. பரீட்சை முடிந்தவுடன் புத்தகத்தைத் தூக்கிப் போடுகிற பிள்ளைகள் மாதிரிதான்.

அவள் கைப்பையில் பேனா தேடினேன். தூத்துக்குடி மக்ரூன் பொட்டலம் ஒன்று பாதி காலியாக இருந்தது. ஞாயிறுதோறும் சிதம்பரநாதன் வாங்கி வருகிறார் போல. ஆபீஸில் எல்லோருக்கும் கொடுத்துப் பெருமை பீற்றுகிறாளாக்கும். எனக்கு ஒன்று கொடுக்கத் தோன்றவில்லை பார்.

இரண்டு எடுத்துத் தின்றேன். நன்றாக இருந்தது, அதுதான் ஆத்திரம்.

ஜூன் 29, ஞாயிறு

போனில் நயினார். "டீச்சர், ஐந்தருவியில தண்ணி கொட்டுது. லீவு நாள்ல ஒரு நடை வாங்க. பொம்பளைக பக்கம் தனியாத்தான் இருக்கு. நீங்க குளிச்சிட்டு வாங்க, நான் வெளிய நின்னு பஜ்ஜி வாங்கி வைக்கேன்."

"பாக்கலாம்."

"இத மூணு மாசமா சொல்லுதிய. சீசன் முடியட்டும்னு பாக்கீங்களா, நான் முடியட்டும்னு பாக்கீங்களா?"

விளையாட்டாகத்தான் சொன்னார். கடைக்கு யாரும் வரவில்லை போல, அடுத்தது முழுக்க எனக்கே.

"ஒண்ணு சொல்லட்டுமா டீச்சர். வர இஷ்டமில்லன்னா இல்லன்னு சொல்லிருங்க. நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன். இந்தச் சீசனுக்குள்ள வரலேன்னா நானே புரிஞ்சிக்கிடுதேன்."

குற்றாலத்துக்குக் கடைசியாகப் போனது காலேஜ் டூரில். நனைந்தால் துணி உடம்போடு ஒட்டிக்கொள்கிறது, எதையும் மறைப்பதில்லை. அன்று ஒருத்தி, "தண்ணி பூராவும் உலகு மேலயே விழுந்துட்டு, நமக்குச் சொட்டுதான் மிச்சம்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வடிவு மட்டும் சிரிக்காமல், தண்ணீரை அள்ளி அவள் முகத்தில் அடித்தாள். அதற்கப்புறம் எத்தனையோ சீசன் வந்துபோனது. நான் அந்தப் பக்கம் போகவில்லை.

ஜூலை 3, வியாழன்

வடிவு கீழே வந்து அடுக்களை வாசலில் நின்றாள். நான் சுரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

"ஏட்டி, செண்பகம் மயினிட்ட அந்தப் பச்சையத்தான குடுத்த?"

கத்தி விரலில் படவில்லை. பட்டிருக்கலாம்.

"ஆமா. ஏன்?"

"ஒண்ணுமில்ல. சும்மா கேட்டேன்."

"பச்சைதான். நீதான சொன்ன."

"சரி" என்றாள். முகம் ஒரு மாதிரி ஆனது. சந்தோஷத்தில் முகம் அப்படி ஆகுமா? அவ்வளவு ஒட்டத் தைத்த ஜாக்கெட்டில் சபை முன்னால் உட்காருவதை நினைத்துப் பார்க்கிறாளாக்கும். தொளதொளவென்று ஒரு சுடிதார் போட்டிருந்தாள். ஒல்லியானவர்கள்தான் தொளதொளவென்று போடலாம். நான் போட்டால் கூடாரம்.

செண்பகம் மயினிக்கு போன் போட்டு, ஜாக்கெட் ஒருவேளை மாறியிருக்கலாம் என்று சொல்லலாம். நம்பர் இருக்கிறது.

சுரைக்காய்க் கூட்டில் உப்பு அதிகம். அம்மா மோரை ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டாள்.

ஜூலை 8, செவ்வாய்

நெல்லையப்பர் தேரோட்டம். உள்ளூர் விடுமுறை.

அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். கூட்டத்தில் தூரத்தில் வடிவையும் சிதம்பரநாதனையும் பார்த்தேன். அவர் கையில் ஒரு காகிதப் பொட்டலம். அவள் அதிலிருந்து எடுத்து எடுத்துத் தின்கிறாள். அவர் குனிந்து ஏதோ சொல்கிறார். அவள் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரிக்கிறாள், ரதவீதியில், அத்தனை பேர் நடுவில். மாலை வெயில் அவள் கன்னத்தில் விழுந்தது. இவ்வளவு அழகாக இவள் எப்போது ஆனாள்?

தேர் வடத்தைத் தொட்டுக் கும்பிட்டபோது எதையும் வேண்டிக்கொள்ளத் தோன்றவில்லை. வேண்டியிருந்தால் நல்லதாக ஒன்றும் வந்திருக்காது.

"யாரப் பாக்க?" என்றாள் அம்மா.

"யாரையும் இல்ல. தேரப் பாக்கேன்."

"தேரு அந்தப் பக்கம்லா போகுது."

ஜூலை 9, புதன்

செண்பகம் மயினியின் நம்பரை எடுத்தேன். ஜாக்கெட் இதற்குள் தைத்து முடித்திருப்பார்கள். இனிச் சொல்லி என்ன?

ஜூலை 12, சனி

நாளைக்குக் கட்ட ஊதா நிறப் பட்டை எடுத்துவைத்தேன். ஜாக்கெட்டின் பக்கத் தையலை மறுபடியும் பிரிக்க வேண்டியிருந்தது. தையல்காரர் பால்ராஜிடம் எப்போதும், "உள்ள துணி நெறைய விட்டுத் தைங்க" என்று சொல்லிவிடுவேன். வருடத்துக்கு ஒரு தையலாகப் பிரித்துவிடுவேன். இதில் இனிப் பிரிக்கத் தையல் இல்லை.

கைப்பையில் ஊசி, நூல், ஊக்கு ஒரு கொத்து, ஒரு துப்பட்டா எடுத்துவைத்தேன். விசேஷ வீட்டில் யாருக்காவது தேவைப்படும். இரண்டு சைஸ் பெரிய ஜாக்கெட்டைப் பின்பக்கம் கொத்தாகப் பிடித்து நாலு ஊக்குக் குத்தினால் முன்பக்கம் தெரியாது. சேலை மறைத்துவிடும். சும்மா, பொதுவாகச் சொல்கிறேன்.

ஜூலை 13, ஞாயிறு

இப்போதுதான் மண்டபத்திலிருந்து வந்தோம். கால் வீங்கியிருக்கிறது. இருந்தாலும் எழுதிவிட வேண்டும்.

தட்டு மாற்றி முடிந்ததும் செண்பகம் மயினி பட்டுச் சேலையை வடிவின் கையில் கொடுத்து, "போய்க் கட்டிட்டு வாம்மா, நல்ல நேரம் முடியதுக்குள்ள" என்றார். மயில்கழுத்து நிறம். மடிப்புக்குள் ஜாக்கெட் இருந்தது. அதன் ஓரம் மட்டும் தெரிந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

உள்ளறையில் அலங்காரம் செய்கிற பெண், சித்தி, இரண்டு அத்தைமார் எல்லோரும் நுழைந்தார்கள். வடிவு திரும்பி நின்றாள்.

"உலகு மட்டும் போதும். மத்தவிய கொஞ்சம் வெளிய இருங்க."

"எதுக்குட்டி? சேலை மடிப்பு யாரு எடுக்கது?" என்றாள் சித்தி.

"அம்மா, வெளிய இரு."

கதவைத் தாழ்ப்பாள் போட்டாள். போட்டுவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். முகத்தில் பூசியிருந்ததெல்லாம் கோடு கோடாக இறங்கியது.

"ஏட்டி, என்னைய எங்கயாவது கூட்டிட்டுப் போயிரு."

"என்னட்டி ஆச்சு?"

முந்தானையை விலக்கினாள். போட்டிருந்த ஜாக்கெட்டின் கீழ்க் கொக்கிகள் இரண்டும் மாட்டாமல் கிடந்தன. பாவாடை நாடா இடுப்பில் அழுந்திச் சிவந்திருந்தது.

"அந்தப் பச்சையோட தச்ச ஜாக்கெட்டு ஒண்ணும் போன மாசக் கடைசியிலேர்ந்து எனக்கு ஏறல. ஜிம்ம விட்டு ரெண்டு மாசமாச்சு. தீபாவளியிலேர்ந்து பட்டினி கெடந்தேன் உலகு. இவிய ஞாயித்துக்கெழம வந்தா மக்ரூன் வாங்கிட்டு வாராவ. பேசிக்கிட்டே திங்கோம். பசிச்சா திங்கதுக்கு எவ்வளவு நல்லா இருக்கு தெரியுமாட்டி? அப்பம் தெரியல. இப்பம் அந்த அளவுல தச்ச ஜாக்கெட்டுக்குள்ள நான் எப்படி நுழைவேன்? அவிய அக்கா, அத்தை, சித்தி, அத்தன பேரும் வெளிய காத்துக்கிட்டு இருக்காவ. கதவத் தொறந்தா எல்லாரும் பாப்பாவளே."

நான் அவளைப் பார்த்தேன். முகம், தோள், கை. அப்போதுதான் பார்த்தேன். ஒன்றரை மாதமாக இவளைத் தவிர வேறெதையும் பார்க்காத எனக்கு, இவள் திரும்ப குண்டானது மட்டும் தெரியவே இல்லை. என் கண்ணில் அவள் நாளுக்கு நாள் இளைத்துக்கொண்டுதான் இருந்தாள்.

வெளியே சித்தி கதவைத் தட்டினாள். "என்னட்டி பண்ணுதிய? ஐயர் சத்தம் போடுதாரு."

"எந்திரி" என்றேன். "முதல்ல போட்டுப் பாரு."

"போட்டுப் பாக்கதுக்கு என்ன இருக்கு?"

"போடுட்டி."

ஒரு கை நுழைந்தது. மறு கை நுழைந்தது. நான் முன்னால் வந்து மேலிருந்து ஒவ்வொரு கொக்கியாக மாட்டினேன். கடைசிக் கொக்கியும் மாட்டிக்கொண்டது. இறுக்கமும் இல்லை, தொளதொளப்பும் இல்லை. பால்ராஜே வந்து அளந்து தைத்தது போல இருந்தது.

வடிவு கண்ணாடியைப் பார்த்தாள். கையைத் தூக்கினாள், இறக்கினாள். பிறகு மெதுவாகத் திரும்பினாள்.

"இது பச்சை அளவு இல்ல."

நான் சேலையை எடுத்துப் பிரித்தேன்.

"இது அந்த அரக்கு ஜாக்கெட்டு அளவுல்லா. ஏட்டி... நீ தெரிஞ்சேதான் குடுத்துருக்க."

என் கைப்பையில் இருந்த ஊக்குகளெல்லாம் என்னையே குத்துவது போல இருந்தது. வாயைத் திறந்தேன். என்ன சொல்லப் போனேன் என்று இப்போதும் தெரியவில்லை. அதற்குள் அவள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"எனக்கே தெரியதுக்கு முந்தி ஒனக்குத் தெரிஞ்சிருக்கு. அன்னைக்குக் கேட்டப்பம்கூட பச்சைதான்னு சொன்னியே, நான் வெக்கப்படக் கூடாதுன்னுதான? நீ ஒருத்திதான்ட்டி என்னைய உள்ளபடி பாக்க."

அவள் கண்மை என் ஊதாப் பட்டில் அப்பியது. நான் அவள் முதுகைத் தடவிக்கொண்டே நின்றேன். தடவ நிறைய முதுகு இருந்தது. எத்தனையோ மாதம் கழித்து அவளைக் கட்டிப்பிடிக்கிறேன்.

"அழாத. மை கலையுது" என்றேன். அது ஒன்றுதான் பொய்யில்லாமல் சொல்ல முடிந்தது.

மனையில் அவள் உட்கார்ந்தபோது செண்பகம் மயினி என் காதருகே வந்து, "அளவு எப்படிப் பொருந்திருக்கு பாத்தீங்களா? எங்க டெய்லர் கெட்டிக்காரர்" என்றார். ஆமாம் என்றேன்.

பந்தியில் சிதம்பரநாதன் எனக்கு எதிர் இலையில் உட்கார்ந்தார். வடிவின் இலையில் இருந்த ஜாங்கிரி தீர்ந்ததும், தன் இலையில் இருந்ததைப் பிட்டுப் பாதியை அவள் இலையில் வைத்தார். என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"முதல் தடவ பாக்க வந்தப்பம் ஒங்க தங்கச்சி காபிய சர்க்கரை இல்லாமக் குடிச்சா. எனக்கும் அப்படியே குடுத்துட்டா. கசப்பு. இந்தப் பிள்ள இப்படியே இருந்தா நம்ம பாடு என்ன ஆகும்னு பயந்துட்டேன். இப்பம்தான் நிம்மதி."

"சும்மா இருங்க" என்றாள் வடிவு, வாய் நிறைய ஜாங்கிரியோடு.

பொறாமை போய்விட்டது என்று எழுத ஆசைதான். போகவில்லை. அந்தப் பாதி ஜாங்கிரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் இடுப்பைக்கூட அப்படிப் பார்த்ததில்லை.

ஜூலை 14, திங்கள்

மாடியில் ஜாக்கெட் எடுத்த அன்றைக்குக் கரண்ட் போகவில்லை. பச்சை என் பீரோவில்தான் இருக்கிறது.

ஜூலை 16, புதன்

பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் பால்ராஜ் கடைக்குப் போனேன். ஒரு சுடிதார்த் துணியும் ஒரு ஜாக்கெட் துணியும்.

"அளவு ஜாக்கெட்டு கொண்டாரலியா டீச்சர்?"

"இல்ல. டேப்ப எடுங்க."

அவர் கொஞ்சம் ஆச்சரியப்பட்டுவிட்டு, உள்ளே மிஷினில் இருந்த தன் மனைவியைக் கூப்பிட்டார். அந்த அம்மாள் சுற்றி வளைத்து அளந்தாள். நான் மூச்சை உள்ளே இழுக்கவில்லை. இழுக்காமல் இருப்பது கஷ்டமாகத்தான் இருந்தது. பழகிப்போயிருந்தது.

"உள்ள துணி நெறைய விடணுமா?" என்றார் பால்ராஜ் வழக்கம்போல.

"வேண்டாம். இப்பம் உள்ள அளவுக்கு இருக்கட்டும். சுடிதார் மட்டும் வெள்ளிக்கிழமைக்குள்ள வேணும்."

வடிவிடம் ஒருநாள் சொல்ல வேண்டியிருக்கும். அவள் சிரிப்பாள் என்று சில நேரம் தோன்றுகிறது. சில நேரம் அப்படித் தோன்றவில்லை.

ஜூலை 18, வெள்ளி

ஆடி முதல் வெள்ளி. அம்மா பாயசம் வைத்தாள். மாடிக்கும் கொடுத்தனுப்பினோம். வடிவு தம்ளரோடு கீழே இறங்கி வந்து, இன்னொரு தம்ளர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனாள். படியில் அவள் நடை பழையபடி தொம் தொம் என்று கேட்டது.

சாயங்காலம் நயினார் போன் செய்தார். நான் எடுக்கவில்லை. பிறகு ஒரு செய்தி வந்தது: "சாரல் நல்லா இருக்கு டீச்சர். சும்மாதான் சொன்னேன்." வேறு ஒன்றும் இல்லை. வாங்க என்ற வார்த்தை இல்லை. இத்தனை மாதத்தில் முதல் தடவையாக இல்லை.

சுடிதார் வந்துவிட்டது. போட்டுப் பார்த்தேன். எங்கேயும் பிடிக்கவில்லை, எங்கேயும் தொங்கவில்லை. கண்ணாடியில் தெரிந்தவளை எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது என்றெல்லாம் சொல்ல மாட்டேன். ஆனால் நிறைய நேரம் பார்த்தேன்.

துண்டு ஒன்று, மாற்றுத் துணி ஒரு செட், தேங்காய் எண்ணெய்ப் பாட்டில், எல்லாவற்றையும் பள்ளிக்கூடப் பைக்குள் பேப்பர் கட்டுக்கு அடியில் வைத்திருக்கிறேன். அம்மாவிடம் சனிக்கிழமை ஸ்பெஷல் கிளாஸ் என்று சொல்லப்போகிறேன். வடிவிடம் சொல்லவில்லை. சொன்னால் கூட வருவாள். அவரிடமும் சொல்லவில்லை. சொன்னால் நான் போகாமல் இருந்துவிடுவேன்.

காலையில் செங்கோட்டை ரயில். தென்காசியில் இறங்கி, ஐந்தருவிக்குப் போகிற வழியில் அவர் கடை. போர்டு நீல நிறம் என்று அவரே சொல்லியிருக்கிறார். ஆட்டோவை அங்கே நிறுத்தச் சொல்லி இறங்குவேன். யாரிடமாவது அவர் எத்தனை நாளாகக் காய்ச்சல் என்று கேட்டுக்கொண்டிருப்பார். வரிசையில் யார் பின்னாலும் மறையாமல் நிற்பேன். என் முறை வந்ததும், காய்ச்சலுக்கு ஒரு மாத்திரை கேட்பேன்.

குரலைக் கேட்டு நிமிர்ந்து பார்க்கட்டும்.